விடை சரியானால் போதுமா? துறைமுக குமாஸ்தா ராமானுஜன் வரலாறு

சௌல்தாரி, டிச. 22-

சென்னைத் துறைமுகம் அந்தமான் தமிழர்களுக்குப் பழக்கமான இடம். அங்கே 1912-ல் மாதம் ரூ.30 சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்த அவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை ஜவுளிக்கடைக் கணக்கர்.

மாணவப் பருவத்தில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் கையில் கிடைத்தது. அதில் சுமார் 5 ஆயிரம் சூத்திரங்கள், நிரூபணம் பெயரளவுக்குத்தான். ராமானுஜனும் அப்படியே பழகினார். முடிவை மட்டும் நோட்டில் குறிப்பார். கணிதமே கதியென்று இருந்ததால் மற்றப் பாடங்களில் தவறினார். கல்லூரி உதவித்தொகை பறிபோயிற்று.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்த சூத்திரங்கள் ஹார்டியைத் திகைக்க வைத்தன. ஆனால் பகா எண்களைப் பற்றிச் சொன்னது தவறு. சிறிய எண்களுக்கு நன்றாகப் பொருந்தியது. எண்கள் பெருகப் பெருகப் பிசகியது.

ஆயிரம் முறை சரியாக வந்தது, அடுத்த முறையும் வரும் என்பதற்கு என்ன உறுதி? அதனால்தான் கணிதம் நிரூபணம் கேட்கிறது.

1914-ல் சென்னையில் கப்பலேறினார் ராமானுஜன். ஹார்டியிடம் நிரூபண முறையைக் கற்றார். 4 என்ற எண்ணை 5 விதமாகக் கூட்டி எழுதலாம். 200-ஐ எத்தனை விதமாக? சுமார் 4 லட்சம் கோடி! இதைக் கணக்கிடும் சூத்திரத்தை இருவரும் 1918-ல் நிரூபணத்துடன் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில் மறைந்தார். அவருடைய நோட்டுகளுக்கு நிரூபணம் காண அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. பெரும்பாலானவை சரியாகவே இருந்தன.