பாதியில் நின்ற அப்ரண்டிஸ் - சர் ஹென்றி ராய்ஸ்



தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினால் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அடுத்து பரனூர் ஸ்டேஷன் வரும். அதை ஒட்டி மகிந்திரா வேர்ல்டு சிட்டி. அங்கேதான் 2007 மார்ச் முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் தயாராகின்றன. அதே கம்பெனிதான் 2003 முதல் இங்கிலாந்தில் ரோல்ஸ் ராய்ஸ் கார்களையும் செய்து வருகிறது. ரோல்ஸ் ராய்ஸ் என்றதும் நமக்கு மகாராஜாக்கள் ஞாபகம்தான் வரும். ஆனால் அந்தப் பெயரில் பாதி ஒரு ஏழை மெக்கானிக்கின் பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரெடரிக் ஹென்றி ராய்ஸ் 1863 மார்ச் 27-ல் இங்கிலாந்தில் ஆல்வால்டன் கிராமத்தில் பிறந்தார். அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப் போனவர். லண்டனுக்குப் பிழைக்க வந்த இடத்தில் 1872-ல் இறந்தும் போனார். அப்போது ஹென்றிக்கு ஒன்பது வயசு. அதுவரை பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு வருஷம். பேப்பர் விற்றார். தந்தி கொடுக்கும் பையனாகத் தெருத்தெருவாக நடந்தார்.

உறவுக்கார அம்மா ஒருவர் வருஷத்துக்கு 20 பவுண்டு கட்டி, பீட்டர்பரோ ரயில்வே ஒர்க்ஷாப்பில் அவரை அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார். மூன்று வருஷம் போனது. அப்புறம் அந்த அம்மாவிடம் பணம் இல்லை. பயிற்சி பாதியில் நின்றது. கையில் சர்டிபிகேட் இல்லாமல் வேலை தேடி அலைந்தார். லண்டனில் ஒரு மின்சாரக் கம்பெனியில் சேர்ந்து, ராத்திரி வகுப்பில் மின்சாரம் படித்தார்.

1884-ல் சேர்த்து வைத்த 20 பவுண்டை முதலாகப் போட்டு, எர்னெஸ்ட் கிளேர்மாண்ட் என்ற நண்பரோடு மான்செஸ்டரில் சின்னப் பட்டறை ஆரம்பித்தார். முதலில் காலிங் பெல், பிறகு டைனமோ, மின்சார கிரேன். தொழில் ஓரளவு நிமிர்ந்ததும் ஒரு பழைய டெக்காவில் காரை வாங்கினார். பிரெஞ்சுக் கார். அதன் ஓட்டம் அவருக்குத் திருப்தி தரவில்லை. மற்றவர்கள் திட்டிவிட்டுப் போவார்கள். இவர் அதைவிட நல்லதாகத் தானே ஒன்று செய்ய உட்கார்ந்துவிட்டார். 1904 ஏப்ரல் 1-ல் அவருடைய முதல் கார் பட்டறையை விட்டு ஓடியது. அடுத்த மாதமே கார் வியாபாரம் செய்த பணக்கார வீட்டுப் பிள்ளை சார்லஸ் ரோல்ஸ் அவரைச் சந்தித்தார். இவர் செய்வது, அவர் விற்பது என்று ஒப்பந்தமானது.

மெக்கானிக்கல் பசங்க கவனிக்க வேண்டியது 1905-ம் வருஷத்துப் பட்டியலை. 10 குதிரைசக்தி கார் 395 பவுண்டு, 15 என்றால் 500, 20 என்றால் 650, 30 என்றால் 890. இது சேஸிஸ் விலைதான், பாடி தனி. இரண்டு சிலிண்டரை ஒரே பிளாக்காக வார்த்தார் ராய்ஸ். ஒரு பிளாக் வைத்தால் 10, இரண்டு வைத்தால் 20, மூன்று வைத்தால் 30. எவ்வளவு சிக்கனமான யோசனை! மூன்று சிலிண்டர் 15 மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. அதனால் அதில் ஆறே ஆறு கார்தான் செய்தார்கள். வி-8 இன்ஜின் கார் ஒன்றும் அந்த வருஷம் வந்தது. அது மூன்றோடு சரி.

அடி வாங்கியது விலை அதிகமான 30 குதிரைசக்தி கார்தான். ஆறு சிலிண்டருக்கு நீண்ட கிராங்க் ஷாஃப்ட் முறுக்கி அதிர்ந்தது, சிலது உடையவும் உடைந்தது. ராய்ஸ் சப்பைக்கட்டு கட்டவில்லை. அடுத்த இன்ஜினில் மூன்று மூன்று சிலிண்டராக இரண்டு பிளாக் வைத்து, கிராங்க் ஷாஃப்டை ஏழு பேரிங்கில் கெட்டியாகத் தாங்க வைத்தார். அதுதான் 1906 கடைசியில் வெளிவந்த 40/50. அதில் ஒன்றுதான் சில்வர் கோஸ்ட். 1907-ல் அது 14,371 மைல், அதாவது சுமார் 23,000 கிலோமீட்டர், தானாக நிற்காமல் ஓடிக் காட்டியது. 1908-ல் நிர்வாகி கிளாட் ஜான்சன் யோசனைப்படி மற்ற மாடல்களை நிறுத்திவிட்டு இந்த ஒன்றை மட்டுமே செய்தார்கள். பல மாடல் போட்டு, தப்பு எங்கே என்று கண்டுபிடித்து, கடைசியில் ஒன்றை உருப்படியாகச் செய்தது அந்தக் கம்பெனி.

1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. சாப்பாடு தூக்கம் மறந்து உழைத்த ராய்ஸும் 1911-ல் படுத்துவிட்டார். அதன் பிறகு கடலோர வீடுகளில் இருந்தபடியே டிராயிங் அனுப்பி வேலை வாங்கினார். உழைப்பில் அவரைப் பின்பற்றலாம், பட்டினி கிடப்பதில் வேண்டாம்! முதல் உலகப் போரில் விமான இன்ஜின் செய்தார். அவருடைய ஈகிள் இன்ஜின் இரண்டு பூட்டிய விமானம்தான் 1919-ல் அட்லாண்டிக் கடலை முதன்முதலாக நிற்காமல் தாண்டியது. தாம்பரம் விமானப்படைத் தளத்து விமானச் சத்தம் கேட்கும்போது இது நமக்கு நினைவு வரட்டும்.

1930-ல் அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. 1933 ஏப்ரல் 22-ல், 70-வது வயதில் மேற்கு விட்டரிங் கிராமத்தில் காலமானார். இன்றைய ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலை இருக்கும் குட்வுட் அங்கிருந்து கிட்டத்தில்தான்.

நண்பர்களே, முதல் வருஷம் நம்மோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் இப்போது வகுப்பில் இல்லை. பீஸ் கட்ட முடியாமல் நின்ற என் நண்பன் ஒருவன் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். படிப்பு போச்சுடா என்று அவன் சொல்லும்போது எனக்குப் பதில் வரவில்லை. என் வீட்டில் முதலில் படிக்க வந்தது நான்தான். ஒரு வருஷ பீஸ் தவறினால் நானும் அங்கேதான். எல்லோரும் ராய்ஸ் ஆகிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் நின்றுபோன பயிற்சியை ராத்திரி வகுப்பில் பிடித்துக்கொண்டாரே, அது நம்மாலும் முடியும். இந்த மலர் கைக்கு வந்ததும் முதல் பிரதியை அவனிடம்தான் கொடுக்கப் போகிறேன்.



- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்