மருந்து முடிந்த இடத்தில் தொடங்கிய பணி: அன்னை மேரி அல்போன்சா



வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று வைத்தியர் கூறிவிட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நோயின் பெயரைச் சொல்ல அஞ்சி, அந்த வருத்தம் என்று குரலைத் தாழ்த்துவார்கள். வந்து போகிறவர்கள் குறைவார்கள். நோயாளி தேநீர் குடித்த கோப்பையைத் தனியே எடுத்து வைப்போரும் உண்டு. புற்றுநோய் ஒருவருக்குப் பணிவிடை செய்வதால் மற்றவருக்குத் தொற்றுவதில்லை என்றும், பல புற்றுநோய்களை வேளையோடு கண்டுபிடித்தால் சுகமாக்கலாம் என்றும் இன்று வைத்தியம் தெளிவாகக் கூறுகிறது. ஆயினும் அச்சம் நம்மை விட்டபாடில்லை.

அப்படியானால், மருந்தும் இல்லாமல், பணமும் இல்லாமல் அந்தக் காலத்தில் வாடிய ஏழை நோயாளரின் கதியை எண்ணிப் பாருங்கள். அவர்களைத் தேடிப் போன ஒரு பெண்மணியின் வரலாற்றையே இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம்.

றோஸ் ஹோதோர்ன் 1851ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் லெனொக்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை நத்தானியேல் ஹோதோர்ன், ஆங்கில இலக்கியம் கற்றோர் யாவரும் அறிந்த நாவலாசிரியர். 1853இல் அவர் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் துறைமுக நகரில் அமெரிக்க அரசின் பிரதிநிதியாக நியமனம் பெற்றதால், குழந்தை றோஸின் இளமை ஐரோப்பாவில் கழிந்தது. குடும்பத்தார் கத்தோலிக்கர் அல்லர். எனினும் 1858இல் அவர்கள் உரோமாபுரிக்குச் சென்று தங்கியிருந்தபோது, வத்திக்கான் தோட்டத்தில் ஓடி விளையாடிய சிறுமி பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் மீதே மோதிக்கொண்டதாகவும், அவர் புன்னகையுடன் ஆசீர்வதித்ததாகவும் சொல்வார்கள்.

இன்பமான இளமை நீடிக்கவில்லை. 1864 மே 19ஆம் திகதி தந்தை காலமானார். மறுநாள் றோஸுக்குப் பதின்மூன்று வயது. 1871இல் தாயும் இலண்டனில் கண்மூடினார். அதே ஆண்டில், இருபது வயதில், ஜோர்ஜ் லேத்ரொப் என்ற இளம் எழுத்தாளரை மணந்தார். 1876இல் பிரான்சிஸ் என்ற ஆண் குழந்தை பிறந்தது. ஐந்து வயது நிறையுமுன், 1881இல், தொண்டைக்கரப்பான் நோய் அப்பிள்ளையைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அவருக்கு வேறு பிள்ளையில்லை.

1891இல் கணவனும் மனைவியுமாகக் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தார்கள். ஆனால் ஞானஸ்நானம் எல்லாத் துன்பத்தையும் ஒரே நாளில் போக்கிவிடுவதில்லை. கணவரின் குடிப்பழக்கம் குடும்பத்தைச் சீர்குலைத்தது. 1895இல் றோஸ், திருச்சபையின் அனுமதியுடன், அவரைப் பிரிந்து வாழ நேர்ந்தது. பெற்றோர் இல்லை, பிள்ளை இல்லை, இல்லறமும் இல்லை. வயதோ நாற்பத்து நான்கு. இனி என்ன என்று உலகம் கேட்கும் நிலை. அங்கேதான், வாசகரே, அவருடைய உண்மையான வாழ்க்கை தொடங்குகிறது.

அவருடைய நண்பி எம்மா லாசரஸ் என்ற கவிஞர், நியூயோர்க் சுதந்திரச் சிலைக்காகக் கவிதை பாடியவர், 1887இல் புற்றுநோயால் இறந்தார். அவர் செல்வக் குடும்பத்தவர். இறுதிவரை பராமரிப்புக்குக் குறைவில்லை. பின்னர், தையல் வேலை செய்து பிழைத்த ஓர் இளம் பெண்ணைப் பற்றி றோஸ் கேள்விப்பட்டார். நல்ல முறையில் வளர்ந்த அப்பெண்ணுக்குப் புற்றுநோய் கண்டதும் கையிலிருந்த காசு கரைந்தது. கடைசியில் பிளாக்வெல் தீவிலுள்ள அநாதை நோயாளர் விடுதிக்கு அவள் போய்ச் சேர்ந்தாள். ஒரே நோய், ஆனால் ஒருவருக்கு மெத்தை, மற்றவருக்குத் தீவு. இது றோஸின் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

அக்கால வைத்தியத்தின் நிலையையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். மயக்க மருந்து வந்த பின் சத்திரசிகிச்சை முன்னேறியிருந்தது. ஆனால் நோய் பரவிவிட்டால் கத்தி பயன்படாது. எக்ஸ் கதிர்கள் 1895இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. றேடியம் 1898இல் வந்தது. புற்றுநோய்க்கு இரசாயன மருந்து கொடுக்கும் முறையோ 1940களில்தான் தொடங்கிற்று. நியூயோர்க்கில் 1887இல் புற்றுநோய்க்கென்றே ஒரு வைத்தியசாலை திறந்தார்கள். மூலைகளில் அழுக்கும் கிருமியும் தங்கும் என்றெண்ணி, அதன் நோயாளர் கூடங்களை வட்டமாகக் கட்டினார்கள். புற்றுநோயும் தொற்றும் என்ற பயம் அன்று பரவலாக இருந்தது. மாற்ற முடியாத நோயாளருக்கு வைத்தியசாலைகளில் நெடுநாள் இடமில்லை. வாடகை அறையில் குடியிருந்த ஏழைகளுக்கோ வீட்டிலும் இடமில்லை.

1896ஆம் ஆண்டு கோடையில் றோஸ் அந்த வைத்தியசாலையிலேயே மூன்று மாதம் தாதிப் பயிற்சி பெற்றார். எழுதுகோல் பிடித்துப் பழகிய கை, சீழ் வடியும் புண்ணைக் கழுவிக் கட்டப் பழகியது. முதலில் அவருக்கும் அருவருப்பு வந்தது. அதை வென்ற பிறகே வெளியே வந்தார். உடனே நகரின் கீழ்கிழக்குப் பகுதியில், குடியேறிய ஏழை மக்கள் நெருக்கமாய் வாழ்ந்த ஸ்கம்மல் வீதியில் சிறு அறைகளை வாடகைக்கு எடுத்தார். ஏழைகளுக்குப் பணிபுரியப் போகிறவர் ஏழைகளிடையே குடியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. வீடு வீடாகச் சென்று புண்களுக்கு மருந்து கட்டினார். போக்கிடமற்றவரைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பத்திரிகைகளுக்கு எழுதி உதவி கேட்டார்.

1897ஆம் ஆண்டின் முடிவில், கெந்தக்கி மாநிலத்தவரான அலிஸ் ஹூபர் என்ற இளம் ஓவியர், வாரத்தில் ஒரு பிற்பகல் உதவலாமென வந்தார். அடுத்த ஆண்டு அவர் அங்கேயே தங்கிவிட்டார். 1898இல் றோஸின் கணவர் காலமானார். 1899இல் செரி வீதியில் ஒரு வீடு வாங்கப்பட்டு, புனித றோசம்மாளின் பெயரால் இலவச இல்லமாயிற்று. இருவரும் புனித சாமிநாதரின் மூன்றாம் சபையில் சேர்ந்தார்கள். 1900ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி, அமலோற்பவ அன்னையின் திருநாளன்று, வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். றோஸ், அன்னை மேரி அல்போன்சா ஆனார். மாற்ற முடியாத புற்றுநோயாளருக்குத் துணைசெய்யும் ஊழியர் என்பது அவர்களுடைய சபைக்கு வழங்கிய பெயர்.

அச்சபையின் ஒழுங்கைச் சற்றுக் கவனியுங்கள். நோயாளியிடமோ உறவினரிடமோ ஒரு சதமும் வாங்கக்கூடாது. எந்த மதத்தவரென்று பார்க்கக்கூடாது. எவ்வளவு கொடிய புண்ணாயினும் முகம் சுளிக்கக்கூடாது. இறக்கும் ஏழைகள் மீது புது மருந்துகளைப் பரீட்சித்துப் பார்க்க இடமளிக்கக்கூடாது. அன்னை ஆராய்ச்சிக்குப் பகைவர் அல்லர். ஆராய்ச்சி செய்யும் வைத்தியசாலையில் பயின்றவரே அவர். ஆனால், ஏழை என்பதற்காக ஒருவனைச் சோதனைப் பொருளாக்கலாகாது என்பதில் உறுதியாயிருந்தார். இன்று நோயாளியின் சம்மதமின்றி எந்தப் பரிசோதனையும் செய்யலாகாது என்பது உலகம் ஏற்ற நியதி.

1901இல் நியூயோர்க் நகருக்கு வடக்கே, பின்னாளில் ஹோதோர்ன் என்றே பெயர் பெற்ற ஊரில், செபமாலைக் குன்று என்ற இல்லம் அமைந்தது. அது பழைய மரக் கட்டடம். எழுந்து நடக்க முடியாத நோயாளர் நிறைந்த வீட்டில் தீப்பற்றினால் என்ன ஆகும் என்ற கவலை அன்னையை விடவில்லை. தீப்பிடிக்காத கட்டடம் ஒன்றுக்காக முதுமையிலும் கடிதம் எழுதி நிதி திரட்டினார். அப்பணியிலிருக்கும்போதே, 1926 ஜூலை 9ஆம் திகதி, நித்திரையில் அவருடைய ஆவி பிரிந்தது. வயது எழுபத்தைந்து. அவருடைய பெற்றோர் திருமணம் செய்ததும் ஒரு ஜூலை 9ஆம் திகதியே. சகோதரி அலிஸ் சபையைத் தொடர்ந்து நடத்தினார். 2024 மார்ச்சில் பாப்பரசர் பிரான்சிஸ், அன்னையை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

இப்பணியில் அவர் முதல்வர் அல்லர். பிரான்சின் லியோன் நகரில் 1842இலேயே ஜான் கார்னியே என்ற விதவை இதைத் தொடங்கினார். 1967இல் இலண்டனில் வைத்தியர் சிசிலி சோண்டர்ஸ் திறந்த இல்லத்தின் வழியாக, வேதனை தணிக்கும் பராமரிப்பு வைத்தியத்தின் ஒரு துறையாகவே வளர்ந்தது. சுகமாக்க முடியாத இடத்திலும் வலியைக் குறைக்கலாம், புண்ணைச் சுத்தமாக வைக்கலாம், தனிமையைப் போக்கலாம் என்பதை இன்று வைத்தியர்களே கற்பிக்கிறார்கள்.

ஆகவே, வாசகரே, உடலில் மாறாத கட்டியோ புண்ணோ கண்டால், மறைக்காமல் காலந்தாழ்த்தாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். அன்னையின் காலத்தவருக்குக் கிடைக்காத சிகிச்சை நமக்குக் கிடைத்திருக்கிறது. செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆனால் வைத்தியம் தன் எல்லையை அடைந்துவிட்டது என்று வைத்தியர் கூறும் நாளில், நம் கடமையும் முடிந்ததென்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் அயலில் அப்படி ஒருவர் படுத்திருக்கக்கூடும். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போய், கட்டிலருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமருங்கள். அவர் குடித்த கோப்பையிலேயே நீங்களும் ஒரு தேநீர் கேட்டுக் குடியுங்கள்.