சேர்ந்திசை வளர்த்த செம்மல்

செஞ்சி நகருக்குச் செல்வோர் அங்கு மூன்று குன்றுகள் ஓங்கி நிற்றலைக் காண்பர். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்பன அவற்றின் பெயர்கள். அவை உயரத்தால் வேறுபட்டவை, தோற்றத்தாலும் வேறுபட்டவை. எனினும், நீண்ட மதில் அம்மூன்றனையும் இணைத்தலால் அவை ஒரு பெருங்கோட்டை ஆயின. எந்தக் குன்றும் தன் உயரத்தை இழக்கவில்லை. ஆயினும் தனித்து நின்றபோது இல்லாத வலிமையை மூன்றும் பெற்றன. மலைகளை இணைத்தது போல, மக்களின் குரல்களையும் இணைத்தல் கூடுமோ? கூடும் என்று செய்து காட்டியவர் ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். அவரே இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன்.

மானாமதுரை பாலகிருட்டிணன் சீனிவாசன் என்பது அவர்தம் முழுப்பெயர். அவர் 1925ஆம் ஆண்டில் சித்தூரில் பிறந்தார். சித்தூர் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்தது. அவர் இளமைப் பருவம் எய்திய காலம், நாடு விடுதலைக்குப் போராடிய காலம். மாணவர் பலர் நாட்டுப்பணியில் இறங்கினர். சீனிவாசனும் இடதுசாரி இயக்கத்தில் ஈடுபட்டார். அவ்வியக்கத்தினர் பாடலையும் நாடகத்தையும் மக்கள் கூடும் இடங்களுக்கே கொண்டு சென்றனர். இசை அவைக்கு மட்டும் உரியதன்று, உழைக்கும் மக்களுக்கும் உரியது என்னும் கொள்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பஞ்சாப் தந்த விடுதலை வீரர் சைபுதீன் கிச்சுலுவின் மகளார் சாகிதாவை அவர் மணந்தார். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இருவர் ஒருமனப்பட்டு இல்லறம் நடத்தினர்.

1960ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ என்னும் தமிழ்த் திரைப்படத்திற்கு அவர் இசையமைத்தார். எழுத்தாளர் செயகாந்தன் அப்படத்திற்குப் பாட்டு எழுதினார். பின்னர் மலையாளத் திரையுலகம் சீனிவாசனைப் பெரிதும் போற்றியது. புகழ்பெற்ற பாடகர் யேசுதாஸ், 1961இல் முதன்முதலாகத் திரைப்படத்திற்குப் பாடியது இவர்தம் இசையிலேயே ஆகும். அடூர் கோபாலகிருட்டிணன் இயக்கிய ‘சுயம்வரம்’ முதலிய படங்களுக்கும் இவரே இசையமைத்தார். தம் பெயரை மட்டும் வளர்த்துக்கொள்ள அவர் எண்ணவில்லை. திரைப்படங்களுக்கு வாத்தியம் வாசிப்போரின் பெயர்கள் வெளியே தெரிவதில்லை; அவர்களுக்கு உரிய ஊதியமும் மதிப்பும் கிடைத்தல் வேண்டும் என்று கருதி, அவர்களை ஒரு சங்கமாக ஒன்றுசேர்க்கவும் உழைத்தார்.

இனி, அவர்தம் வாழ்வின் தலையாய பணியைக் காண்போம். பலர் கூடிப் பாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. நாற்று நடும் மகளிர் கூடிப் பாடுவர். வலை இழுக்கும் பரதவர் கூடிப் பாடுவர். பசனைக் குழுவினரும் கூடிப் பாடுவர். ஆனால், இவற்றுள் எல்லோரும் ஒரே மெட்டையே பாடுவர். மேலைநாட்டுச் சேர்ந்திசையோ வேறு வகையினது. ஒரு பிரிவினர் ஒரு சுரத்தைப் பாடும்போதே மற்றொரு பிரிவினர் வேறொரு சுரத்தைப் பாடுவர். மகளிரின் மேற்குரல், ஆடவரின் கீழ்க்குரல் எனப் பல இழைகள் தம்முள் பொருந்தி ஒரே பாட்டாக ஒலிக்கும்.

இம்முறையை நம் இசையில் புகுத்துதல் எளிதன்று. நம் இராகத்திற்கு உரிய சுரங்கள் இவை என்னும் வரம்பு உண்டு. அயற்சுரம் ஒன்று புகுந்தாலும் இராகத்தின் உருவம் கெடும். சுரங்களை அசைத்துப் பாடும் கமகமே இராகத்திற்கு உயிர். ஒருவர் அசைப்பது போலவே நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அசைத்தல் அரிது. ஆதலின், நம் இசைக்குப் பல்குரல் பாடல் பொருந்தாது என்று கருதியோர் உண்டு. சீனிவாசன் அக்கருத்தைச் சொல்லால் மறுக்கவில்லை, செயலால் மறுத்தார்.

1970களின் தொடக்கத்தில் அவர் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றை நிறுவினார். அதில் பாடியோர் பெரும்பாலும் தொழில்முறைப் பாடகர் அல்லர். மாணவரும், அலுவல் பார்ப்போரும் தம் வேலை முடிந்தபின் வந்து பயின்றனர். பாரதியாரின் பாடல்களுக்கு அவர் பல்குரல் இசை அமைத்தார். இராகத்தின் இயல்பும் சிதையவில்லை. சொல்லின் பொருளும் மறையவில்லை. நாட்டின் பிறமொழிப் பாடல்களையும் அக்குழுவினர் கற்றுப் பாடினர்.

சேர்ந்திசை ஆசிரியரின் பணி வியப்புக்குரியது. அரங்கில் அவர் அவையோருக்கு முதுகு காட்டி நிற்பார்; அவர் குரல் எவர் செவியிலும் விழாது. அவர் கையசைவைக் கண்டு குழுவினர் ஒருங்கே தொடங்குவர், ஒருங்கே மூச்செடுப்பர், ஒருங்கே நிறுத்துவர். உரத்த குரலினரை அடக்கியும், அஞ்சிய குரலினரை ஊக்கியும் அவர் பயிற்றுதல் வேண்டும். திரையிசையால் பெரும்புகழ் எய்தத்தக்க ஒருவர், தம் குரல் கேளாத இப்பணியைத் தாமே விரும்பி மேற்கொண்டார் என்பது நாம் நினைக்கத்தக்கது.

பள்ளிச் சிறுவரும் இக்கலையைப் பயிலல் வேண்டும் என்று அவர் விழைந்தார். பல மாநிலங்களின் மாணவரையும் ஆசிரியரையும் கூட்டி, இந்திய மொழிகள் பலவற்றிலும் ஒருங்கே பாடப் பயிற்றினார். 1988ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள், கடல் சூழ்ந்த இலட்சத்தீவில் அவர் உயிர் நீத்தார். அவர் மறைந்தபின்னும் அவர் நிறுவிய குழு பாடுதலை நிறுத்தவில்லை. அவரிடம் பயின்றோர் பிறர்க்குப் பயிற்றினர். தலைவர் ஒருவரையே நம்பி நில்லாது தொடர்ந்து நடப்பதே நல்ல பணிக்கு அடையாளம் ஆகும்.

மாணவர்களே! காலைதோறும் பள்ளியில் தமிழ்த்தாய் வாழ்த்தை நீங்கள் கூடிப் பாடுகின்றீர்கள். அப்போது அடுத்து நிற்பவரின் குரல் உங்கள் செவியில் விழுகின்றதா என்று கவனியுங்கள். விழவில்லையாயின், உங்கள் குரல் மிகுந்துவிட்டது என்று அறியுங்கள். தம் குரலை இழவாமலும் பிறர் குரலை மறைக்காமலும் பாடக் கற்றவர், அவ்வாறே வாழவும் கற்பர். செஞ்சிக் குன்றுகளை ஒரு மதில் இணைத்தது போல், மக்கள் குரல்களை இசையால் இணைத்த சீனிவாசனார் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.