எரித்த வரைபடங்கள், ஒளித்துவைத்த துண்டுகள்

அக்கரைப்பற்றில் வானொலி திருத்தும் கடையொன்றில் பழைய கண்ணாடி வால்வு ஒன்றைக் கையில் எடுத்தேன். டொமி ஃபிளவர்ஸ் நினைவுக்கு வந்தார்.

1905இல் கிழக்கு லண்டனில் மேசன் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். பிரித்தானியத் தபால் திணைக்களத்தில் தொலைபேசிப் பொறியியலாளர். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் இராணுவத்தின் இரகசியச் செய்திகளை உடைப்பதற்கென்றே 'கொலோசஸ்' கணினியை 1943 இறுதியில் உருவாக்கினார். அதில் சுமார் 1,600 வால்வுகள். இத்தனை வால்வுகள் தாங்காது என்றார்கள். அணைக்காமல் வைத்திருந்தால் தாங்கும் என்பது அவருக்குத் தொலைபேசி வேலையில் கிடைத்த அனுபவம். போர் முடியும்போது பத்து கொலோசஸ்கள் இயங்கின.

பிறகு மேலிடத்து உத்தரவு வந்தது. பெரும்பாலானவை உடைக்கப்பட்டன. வரைபடங்களை அவரே உலையில் போட்டு எரித்தார். எழுபதுகள்வரை உலகுக்கு அவரைத் தெரியாது.

1993இல் டோனி சேல் என்ற பொறியியலாளர் பிளெச்லி பார்க்கில் அதை மீளக்கட்டத் தொடங்கினார். கையிலிருந்தவை எட்டுப் புகைப்படங்களும், உத்தரவை மீறிச் சிலர் ஒளித்துவைத்த வரைபடத் துண்டுகளும்தான். பழைய தொலைபேசி நிலையங்களில் கழித்த பாகங்களைச் சேர்த்தார். ஃபிளவர்ஸும் நினைவிலிருந்து உதவினார். 1996இல் அது இயங்குவதைக் கண்ணால் கண்டார். 1998இல் மறைந்தார்.

வீட்டோடு படங்களையும் பத்திரங்களையும் போரில் இழந்த நமக்கு இது அந்நியக் கதையல்ல. நம்மிடமும் யாரோ ஒளித்துவைத்த துண்டுகள் இருக்கின்றன. அவற்றை விளங்கப்படுத்தக் கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.