நீள நாயனம் தேடிய ராஜரத்தினம்

நம்ம கோயில் திருவிழாவுல ஊதுற நாயனம் ஏன் அவ்வளவு நீளம்னு யோசிச்சிருக்கீங்களா? திருமருகலில் 1898-ல் பிறந்த டி.என்.ராஜரத்தினம் பிள்ளையை அதற்காக நினைக்கணும். (திருமருகல் நம்ம காரைக்காலுக்குப் பக்கம்தான்!)

அவர் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. அப்போது எல்லாரும் ஊதியது திமிரி. குட்டைக் குழல், உச்ச சுருதி. சுத்த மத்தியமம் சரியாகப் பேசாது. தோடி ராகத்துக்கோ அந்த ஸ்வரம் வேணும். தோடியில் மன்னரான அவர் விடுவாரா? நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, ஆச்சா மரத்தில் நீளமான பாரி நாயனத்தைச் சரிசெய்ய வைத்தார். ஊத மூச்சு அதிகம் வேணும். ஆனா சத்தம் பாட்டுக்குரல் மாதிரி கனமா வரும். மற்ற வித்வான்களும் அதற்கே மாறினார்கள்.

நாயனக்காரர்கள் நின்றுகொண்டே வாசித்த காலத்தில், மேடையில் உட்கார்ந்து வாசித்தவரும் இவர்தான். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. 1956-ல் காலமானார். பழைய ரெக்கார்டில் அவர் தோடியைக் கேட்டேன். அந்த இரைச்சலுக்குள்ளேயும் குழல் பாடுது.