கல்யாணி நதியிற் கலந்த கல்விச் செல்வி

கொழும்பு மாநகரின் வடபால் ஓடும் களனி கங்கையை எம் முன்னோர் கல்யாணி நதியெனப் போற்றினர். புதுக்கடைவாசிகளாகிய எமக்கு அது தொலைவிலன்று. அந்நதியிலே 1917ஆம் ஆண்டில் ஓர் ஆங்கில மாதின் அஸ்தி கரைக்கப்பட்டது. கரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். அம்மாதுக்கு இந்நாட்டிலே உற்றார் உறவினர் இல்லை. பிதிர்க்கடன் செய்யப் புதல்வரும் இல்லை. ஆகவே அவரை நினைவுகூர்வது எமது கடனெனக் கொண்டு இச்சிறு சரிதையை எழுதுகின்றோம்.

திருமதி புளோரன்ஸ் பார் எமறி அம்மையார் 1860ஆம் ஆண்டு யூலை மாதம் 7ஆந் தேதி இங்கிலாந்திலே பிறந்தார். தந்தையார் வில்லியம் பார் ஒரு வைத்தியர். பிறப்பு இறப்புக் கணக்குகளைக் கொண்டு நோய்களின் போக்கை அளந்தறியும் வழியை வகுத்த பேரறிஞர். நோயாளர் தொண்டிலே புகழ்பெற்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் அவருடைய நண்பர். அந்நட்பின் நினைவாகவே மகளுக்கு அப்பெயரை இட்டார்.

மகளோ நாடக மேடையை நாடினார். 1884இல் எட்வேட் எமறி என்னும் நடிகரை மணந்தார். அவ்வில்லறம் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலே கணவர் அமெரிக்கா சென்றுவிட, பின்னர் அம்மணம் சட்டப்படி நீங்கியது. அம்மையார் மனந்தளராது தங்காலில் நின்றார். 1894இல் இலண்டன் அவெனியூ நாடகசாலையிலே அவர் முன்னின்று நடத்திய நாடகங்களுள் பேர்னாட் ஷாவினுடையதும் யேட்ஸ் என்னும் ஐரிஷ் கவிஞருடையதும் அடங்கும். பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்ற அவ்விருவரும் அவருடைய நெருங்கிய நண்பர்கள். யேட்ஸின் கவிதைகளை நரம்புக் கருவியொன்றை மீட்டி, இசைகலந்து ஓதுவதிலே அம்மையார் நிகரற்று விளங்கினார்.

இத்தகையவரை ஈழநாட்டுக்கு ஈர்த்தது எது? சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே இலண்டனில் இராமநாதன் அவர்களைச் சந்தித்து அவருடைய ஞானோபதேசங்களைக் கேட்கும் பேறு அம்மையாருக்குக் கிட்டியது. புதுக்கடை நீதிமன்றங்களிலே புகழ்பெற்று, சொலிசிற்றர் ஜெனரலாகவும் கடமையாற்றிய அப்பெரியார், சைவப் பெண்களுக்கெனத் தனிக் கல்லூரியொன்று அமைக்க எண்ணியிருந்தார். யாழ்ப்பாணத்திலே உடுவிலில் அமெரிக்க மிஷனார் 1824ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை நிறுவினர். அவர்களின் கல்வித்தொண்டு பெரிது. ஆனால், மகளைப் படிக்கவிட்டால் மதம் மாறிவிடுவாளோ என்று சைவப் பெற்றோர் பலர் அஞ்சினர். அவ்வச்சத்தால் எத்தனையோ சிறுமியர் கல்வியிழந்து அடுக்களையோடு நின்றனர். தன் சமயத்தையும் விடாது, உலகக் கல்வியையும் பெறப் பெண்ணுக்கு வழியுண்டா என்பதே அன்றைய கேள்வி.

அக்கேள்விக்கு விடையாக எழுந்ததே மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரி. அதனை நடத்தித்தர 1912இல், தமது 52ஆம் வயதிலே, அம்மையார் கப்பலேறினார். 1913இல் கல்லூரி தொடங்கியது. அம்மையார் அதன் தலைவியானார். வந்த இடத்தின் வழக்கங்களை இகழாது மதித்தார். அவர் தமிழ் பயின்றார். தமிழ்ப் பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்து யேட்ஸுக்கு அனுப்பினார். அவருடைய நிர்வாகத் திறமையினாலே கல்லூரி வேரூன்றியது.

1916இல் அவருக்கு மார்பிலே புற்றுநோய் கண்டது. சத்திர சிகிச்சை செய்தும் நோய் பரவியது. அந்நிலையிலும் தம் வடுவைப் பற்றி நகைச்சுவையோடு நண்பருக்குக் கடிதம் எழுதும் நெஞ்சுரம் அவரிடம் இருந்தது. 1917 ஏப்ரல் 29ஆந் தேதி, கொழும்பு வைத்தியசாலையொன்றிலே, 56ஆம் வயதில் உயிர்நீத்தார். அவர் விரும்பியவாறே உடல் தகனஞ் செய்யப்பட்டது.

மூன்றாண்டுகளின் பின் யேட்ஸ் தாம் பாடிய ஒரு கவிதையிலே அம்மையாரை நினைந்தார். அழகு குன்றுவதைப் பழகியவர் கண்கள் காணாதிருக்கவே அவர் தூரதேசத்துப் பாடசாலையை நாடினார் என்பது கவிஞர் கருத்து. எமக்கு அது முழு விடையாகத் தோன்றவில்லை. முதுமையை மறைக்க விரும்புவோர் தம்மூரிலேயே கதவடைத்து வாழலாம். அறியாத மொழியைக் கற்று, பிறர் பெற்ற பிள்ளைகளின் பொறுப்பைச் சுமக்க வேண்டியதில்லை. அதற்கு அன்பு வேண்டும்.

அவருக்குப் பின் லீலாவதி இராமநாதன் அம்மையார் 1953இல் மறையும் வரை கல்லூரியைப் பேணி வந்தார். இன்றும் மருதனார்மடத்திலே பெண்பிள்ளைகள் அங்கு பயில்கின்றனர்.

வாலிப அன்பர்களே, கொச்சிக்கடையிலே இராமநாதன் அவர்கள் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நாம் நாள்தோறும் தொழுகின்றோம். அவர் பெண்களுக்கென எழுப்பிய கலைக்கோயிலுக்கு உழைத்த அம்மையாருக்கோ நாம் இதுவரை ஒரு விளக்கும் ஏற்றியதில்லை. வரும் ஏப்ரல் 29ஆந் தேதி, எம் அயலிலுள்ள வறிய மாணவி ஒருத்திக்கேனும் அவ்வாண்டுக்கான புத்தகங்களை வாங்கிக் கொடுப்போம். பெரியோர்களும் இதற்குக் கைகொடுத்து உதவுவார்களென நம்புகின்றோம்.