மு. வரதராசன்

மு. வரதராசன் (ஏப்ரல் 25, 1912 – அக்டோபர் 10, 1974) இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற தமிழறிஞர்களுள் ஒருவர். புதின எழுத்தாளர், பேராசிரியர், மொழியியல் நூலாசிரியர், மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் எனப் பல நிலைகளில் பணியாற்றியவர். தமிழ் மக்களால் மு. வ. என்று அழைக்கப்பட்டார். இளைஞர்கள் அன்பும் பண்பும் உடையவர்களாக இருப்பதோடு, தம்மைத் தாமே மதிக்கும் உறுதியும் உடையவர்களாக வளர வேண்டும் என்பதைப் பாட்டு, கதை, கடிதம், உரை எனப் பல வடிவங்களில் தொடர்ந்து எழுதியது இவரது தனிச்சிறப்பாகும்.

பிறப்பும் இளமையும்

மு. வ. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பத்தூரில் முனுசாமி முதலியார், அம்மாக்கண்ணு ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடம். எனினும் தாத்தாவின் பெயரான வரதராசன் என்பதே நிலைத்தது. இளமைக் காலத்தின் ஒரு பகுதி வாலாஜாபேட்டைக்கு அருகிலுள்ள வேலம் என்னும் சிற்றூரில் கழிந்தது. 2019 ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின்னர் திருப்பத்தூர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. வாலாஜாபேட்டை இராணிப்பேட்டை மாவட்டத்தில் அடங்கியது. இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட பாலாற்றுப் பகுதியில்தான் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வாணியம்பாடியும் ஆம்பூரும் உள்ளன.

திருப்பத்தூரில் உயர்நிலைப் பள்ளிக் கல்வி பயின்று 1928 இல் தேர்ச்சி பெற்றார். பின்னர் அவ்வூர் வட்ட அலுவலகத்தில் எழுத்தராகப் பணியில் சேர்ந்தார். ஆனால் உடல்நலம் குன்றியதால் அப்பணியில் நீடிக்க இயலவில்லை. பணியை விட்டு ஊருக்குத் திரும்பிய இளைஞர், அந்த ஓய்வுக் காலத்தைத் தமிழ் கற்பதற்குப் பயன்படுத்திக் கொண்டார். திருப்பத்தூர் முருகைய முதலியாரிடம் தமிழ் பயின்றார். கல்லூரியில் சேராமல் தாமே படித்து 1935 இல் வித்துவான் தேர்வு எழுதி மாநிலத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். இதற்காகத் திருப்பனந்தாள் மடம் வழங்கிய 1000 ரூபாய் பரிசு இவருக்குக் கிடைத்தது. நோயினால் அரசுப் பணியை இழந்த ஒருவர், ஏழு ஆண்டுகளில் தம் முயற்சியால் இந்நிலையை எட்டியது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் இவருக்கும் மாமன் மகள் இராதாவுக்கும் திருமணம் நடைபெற்றது.

ஆசிரியப் பணி

மு. வ. திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் 1939 வரை தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து, பின்னர் தமிழ்த்துறைத் தலைவராக உயர்ந்தார். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காக 1948 இல் முனைவர் பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முனைவர் பட்டம் பெற்ற முதல் அறிஞர் இவரே. 1961 முதல் 1971 வரை அப்பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் தலைவராகவும், 1971 முதல் மறைவு வரை மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். 1972 இல் அமெரிக்காவின் ஊஸ்டர் கல்லூரி இவருக்கு இலக்கியப் பேரறிஞர் என்னும் சிறப்புப் பட்டம் வழங்கியது.

சிறுவர்க்கும் இளைஞர்க்கும் எழுதியவை

மு. வ. எழுதி வெளிவந்த முதல் நூல் 1939 இல் வந்த குழந்தைப் பாட்டுக்கள் ஆகும். பின்னாளில் ஆராய்ச்சியாளராகவும் புதின ஆசிரியராகவும் அறியப்பட்டவரின் எழுத்துப்பணி குழந்தைகளுக்கான நூலுடன் தொடங்கியது. இளைஞர்க்கு ஏற்ற இனிய கதைகள், படியாதவர் படும்பாடு, கண்ணுடைய வாழ்வு ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. மொழியின் கதை, எழுத்தின் கதை, சொல்லின் கதை ஆகிய நூல்களில் மொழியியல் செய்திகளைப் பள்ளி மாணவரும் அறியும் வகையில் எளிமையாக விளக்கினார். காந்தியடிகள், தாகூர், பெர்னார்ட் ஷா, திரு. வி. க. ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளையும் எழுதினார்.

இளைஞர்களிடையே மிகுதியாகப் பரவியவை இவரது கடித நூல்கள். அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்பன அவை. வீட்டில் மூத்தவர் ஒருவர் இளையவருக்கு எழுதும் உரிமையும் பரிவும் கொண்ட நடை தம்பிக்கு என்னும் நூலை மாணவர்களுக்கு நெருக்கமாக்கியது. இந்நூலின் மையக் கருத்து, நன்மையும் வன்மையும் ஒருசேர வேண்டும் என்பதாகும். நல்லவராக இருப்பது மட்டும் போதாது; வல்லமை இல்லாத நல்லவர் பிறரால் ஏமாற்றப்படுவர். வல்லமை மட்டும் இருந்து நற்பண்பு இல்லாவிடினும் வாழ்வு கெடும். இதனைத் தனிமனிதருக்கு மட்டுமன்றித் தமிழ்ச் சமுதாயத்துக்கும் பொருந்தும் நெறியாக அவர் விளக்கினார். தொண்டு செய்வதில் முன் நிற்கவும் தலைமை தேடுவதில் பின் நிற்கவும் இளைஞர்களுக்கு அறிவுறுத்தினார். தாய்மொழியை அன்றாட வாழ்வில் பயன்படுத்தத் தயங்காமையும் தன்மதிப்பின் ஒரு பகுதியே என்பது இவர் கருத்து.

1949 இல் வெளிவந்த திருக்குறள் தெளிவுரையும் இந்நோக்கத்துடன் இணைத்துக் காணத்தக்கது. ஒவ்வொரு குறளுக்கும் ஓரிரு தொடர்களில், பழைய உரைகளின் துணையின்றிப் புரியும் வகையில் பொருள் தரப்பட்டது. கையடக்கமான இந்நூல் நூற்றுக்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டு, பள்ளி மாணவர் பலர் குறளைப் பொருளுடன் கற்க வழிசெய்தது.

புதினங்கள்

முதல் புதினமான செந்தாமரை 1946 இல் வெளிவந்தது. கள்ளோ காவியமோ, பாவை, மலர்விழி, அல்லி, கரித்துண்டு, கயமை, நெஞ்சில் ஒரு முள், மண்குடிசை, வாடாமலர் முதலியன பிற புதினங்கள். கரித்துண்டு புதினத்தில் காலின் வலிமை இழந்த ஓவியர் ஒருவர் தெருவோரத்தில் கரித்துண்டால் படம் வரைந்து வாழ்கிறார். உடல் ஊனமுற்றவரின் மதிப்பு குறைவதில்லை என்பதை அப்பாத்திரம் உணர்த்துகிறது.

1961 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்ற அகல் விளக்கு, பாலாற்றங்கரையில் வளரும் இரு நண்பர்களின் கதை. ஆசிரியர் இளமையில் பழகிய வாலாஜாபேட்டையே கதையின் தொடக்கக் களம். அழகும் அறிவும் மிக்க சந்திரன் தன்னடக்கம் இன்றி வழிதவறித் தொழுநோயுற்று அழிகிறான். பேரறிவு வாய்க்காத வேலய்யன் சீரான வாழ்வினால் நிலைபெறுகிறான். மின்னலைப் போல ஒளிர்வதைவிட அகல் விளக்கைப் போல நின்று ஒளி தருவதே மேல் என்பது நூலின் கருத்து. வகுப்பில் முதலிடம் பெறாத மாணவனும் தன் வாழ்வை மதிக்கலாம் என்னும் நம்பிக்கையை இது பல வாசகருக்கு அளித்தது. அதே வேளையில், தொழுநோயை ஒழுக்கக் கேட்டின் விளைவுபோல் காட்டும் கதைப்போக்கு இன்றைய மருத்துவ அறிவுக்குப் பொருந்தாது. அந்நோய் கிருமியால் உண்டாவது. பல மருந்துக் கூட்டுச் சிகிச்சையால் முற்றிலும் குணமாக்கக் கூடியது.

மதிப்பீடு

மு. வ.வின் புதினங்களில் பாத்திரங்கள் நீண்ட அறவுரைகள் ஆற்றுகின்றன, கதையைவிடக் கருத்தே மேலோங்குகிறது என்று திறனாய்வாளர் சிலர் குறை கூறியுள்ளனர். பெண்களுக்குக் கூறும் அறிவுரைகளில் அக்காலக் குடும்ப அமைப்பின் எல்லைகளும் தெரிகின்றன. எனினும், கல்லூரியை எட்டிய முதல் தலைமுறை மாணவர் பலருக்கு, வீட்டில் வழிகாட்ட ஒருவர் இல்லாத குறையை இவரது நூல்கள் நீக்கின. எளிய தொடர்களும் பிறமொழிக் கலப்புக் குறைந்த தெளிந்த நடையும் அவற்றின் பரவலுக்குத் துணைபுரிந்தன.

மறைவு

துணைவேந்தராகப் பணியாற்றிய காலத்திலேயே, 1974 அக்டோபர் 10 அன்று சென்னையில் தம் 62 ஆம் அகவையில் மு. வ. காலமானார். எண்பதுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் எழுதியுள்ளார். அவரது நூற்றாண்டு 2012 இல் நிறைவுற்றது. தம்பிக்கு, அகல் விளக்கு, திருக்குறள் தெளிவுரை ஆகியவை இன்றும் அச்சில் உள்ளன.